ஒரு துப்பாக்கிக்கு ஒரு கோடி: வேலைக்கா, பேருக்கா, அனுமதிக்கா?

இந்த எபிசோடு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கோட்டைப்பட்டினத்துல இருந்து நம்மளைக் கேட்கிற ஒருத்தர் அனுப்பின கேள்வி. "லண்டன்ல கையால செய்யற வேட்டைத் துப்பாக்கி ஒண்ணு கோடி ரூபாய்க்கு மேல போகுதாமே? அப்படி என்னதான் அதுல இருக்கு? எங்க ஊர்ல அந்தக் காசுக்கு ஒரு படகே வாங்கிடலாமே?"

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, படகோடு ஒப்பிட்டது ரொம்பச் சரியான அளவுகோல்னு தோணுச்சு. கணக்கை முதல்ல பார்த்துடலாம்.

லண்டனில் பர்டி என்று ஒரு கம்பெனி. 1814-இல் ஜேம்ஸ் பர்டி தொடங்கியது. இன்றைக்கு அவர்களிடம் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை ஆர்டர் கொடுத்தால் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். வரி தனி. நம்ம பணத்தில் ஒரு கோடிக்கு மேல். காசு கட்டினாலும் உடனே கையில் கிடைக்காது, வருஷக்கணக்கில் காத்திருக்கணும்.

இப்போ படகு. பாக் நீரிணை மீனவர்களுக்காக 2017-இல் அரசு ஒரு ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் கொண்டுவந்தது. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையும் அதில் உண்டு. சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகு ஒன்றுக்கு அந்தத் திட்டத்தில் போட்ட மதிப்பு 80 லட்சம் ரூபாய். பாதியை மத்திய அரசு கொடுக்கும், 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து. அந்த 10 சதவீதத்தைப் புரட்டுவதே பெரிய பாடு. அப்படி ஒரு படகைவிட, மூன்று கிலோ எடை உள்ள ஒரு துப்பாக்கி விலை அதிகம்.

சரி, அந்த விலைக்கு அது தகுமா? என் பதில் ஒரே வார்த்தையில் இல்லை. அந்த விலைக்குள்ள மூணு விஷயம் கலந்து கிடக்கு: வேலை, பேரு, அனுமதி. மூணையும் தனித்தனியா பிரிச்சாத்தான் நியாயமா பதில் சொல்ல முடியும்.

வேலை

முதலில் இது என்ன மாதிரித் துப்பாக்கி? ரைஃபிள் ஒரே ஒரு குண்டைத் தூரத்துக்கு அனுப்பும். ஷாட்கன் அப்படியில்லை. ஒரு தோட்டாவுக்குள் சின்னச் சின்ன ஈய உருண்டைகள், நம்ம ஊர்ப் போலீஸ் செய்தியில் 'பால்ரஸ்' என்று வருமே, அந்த மாதிரி நூற்றுக்கணக்கில் இருக்கும். பிரிட்டிஷ் அளவில் 6-ஆம் நம்பர் என்றால் ஒரு அவுன்ஸுக்கு 270. சுட்டால் அவை மேகம் மாதிரி விரிந்து போகும். பறக்கிற பறவையை அடிக்க இது. 'பன்னிரண்டு போர்' என்று சொல்றாங்களே, அதுக்கு அர்த்தம் என்னன்னா, அந்தக் குழல் அகலத்துக்குச் சரியாக இருக்கும் ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை.

இந்தக் கருவியைக் கலையாக மாற்றியவர் என்று துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் கைகாட்டும் ஆள் ஜோசப் மான்டன். 1800-களின் தொடக்கத்தில் லண்டனில் இருந்தவர். பர்டி அவருடைய பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். சார்லஸ் லங்காஸ்டர், தாமஸ் பாஸ் என்று பின்னாளில் தனிக்கடை போட்ட பெரிய பெயர்களும் மான்டனிடம் வேலை செய்தவர்கள்தான். மான்டன் மட்டும் 1826-இல் திவாலானார். உலகத்திலேயே நல்ல துப்பாக்கி செய்தவர் கடனில் மூழ்கிப் போனார். நல்ல வேலைக்கும் நல்ல வியாபாரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைங்கறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இப்போ பட்டறைக்குள்ள போவோம். இரும்புப் பாகம் ஒன்று இன்னொன்றோடு பொருந்தணும். கைவினைஞர் என்ன செய்வார் தெரியுமா? ஒரு எண்ணெய் விளக்கின் புகையில் ஒரு பாகத்தைக் காட்டுவார். கரி படியும். அதை இன்னொரு பாகத்தோடு சேர்த்து மூடித் திறப்பார். எங்கே கரி ஒட்டியிருக்கோ, அங்கேதான் உரசுது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் துளி ராவுவார். மறுபடி புகை, மறுபடி மூடல், மறுபடி ராவல். புகைக்கரி எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டும் வரை இதே வேலை. ஒரு துப்பாக்கிக்குப் பல நூறு மணி நேரம் இப்படிப் போகும். குழலுக்கு ஒரு ஆள், விசை அமைப்புக்கு ஒரு ஆள், கட்டைக்கு ஒரு ஆள், சித்திர வேலைக்கு ஒரு ஆள். ஒவ்வொருத்தரும் வருஷக்கணக்கில் தொழில் பழகி வந்தவர்கள்.

கட்டை என்றால் தோளில் வைக்கும் மரப்பகுதி. வால்நட் மரம். அதை வாங்குபவரின் கை நீளம், கழுத்து உயரம், கன்னத்தின் அகலம், எந்தக் கண் முதலில் குறி பார்க்குது என்பதையெல்லாம் அளந்து செய்வாங்க. அளவெடுக்கவே திருகி நீட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு சோதனைத் துப்பாக்கி வைத்திருப்பார்கள். நம்ம டெய்லர் இன்ச் டேப்போட நிக்கிற மாதிரிதான். இது சும்மா பந்தா கிடையாது. ஷாட்கன்னில் ரைஃபிள் மாதிரி நிதானமாக் குறி வைக்க நேரமில்லை. பறவை பறக்குது, தோளுக்கு ஏத்தின அந்த நொடியிலேயே குழல் கண் பார்க்கும் இடத்தைப் பார்த்தாகணும். கட்டை அரை அங்குலம் தப்பினால் ஆள் தப்பாகச் சுடுவார்.

ஆக, முதல் விஷயத்தில் சந்தேகமே இல்லை. வேலை உண்மை. அந்த மணி நேரத்துக்கும் அந்தக் கைக்கும் லண்டன் கூலி போட்டால், விலையில் கணிசமான பங்கு கணக்கில் வந்துடும்.

அப்போ, நல்லாச் சுடுமா?

இங்கேதான் கதை திரும்புது. இங்கிலாந்தில் விற்பனைக்குப் போகும் எந்தத் துப்பாக்கியும் முதலில் சோதனைச்சாலைக்குப் போகணும். அங்கே வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டனில் ஒன்று, பர்மிங்ஹாமில் 1813-இலிருந்து ஒன்று. விலை மலிவான துப்பாக்கியும் அந்தச் சோதனையைத் தாண்டணும், பர்டியும் தாண்டணும். பாதுகாப்பு விஷயத்தில் ரெண்டுக்கும் ஒரே பரீட்சை.

அடுத்து, பால்ரஸ் எவ்வளவு நெருக்கமாகப் போய் விழுது என்ற பரீட்சை. 1875-இல் 'தி ஃபீல்ட்' என்ற வேட்டைப் பத்திரிகை லண்டனில் துப்பாக்கிகளை வரிசையாகச் சுட்டுப் பார்த்தது. அதில் முந்தி நின்றது பர்மிங்ஹாம்காரரான கிரீனர். குழலின் முனையை லேசாகக் குறுக்கி, பால்ரஸ் சிதறாமல் போக வைக்கும் முறையை அவர் சரியாகப் பிடித்திருந்தார். லண்டன் விலாசத்துக்குத் தனி மந்திரம் இல்லைன்னு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதே 1875-இல் பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் புதிய விசை அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பாகங்கள் குறைவு, செய்வது சுலபம், உறுதி அதிகம். உலகம் முழுக்க அதைக் காப்பி அடித்தார்கள். அதற்குப் பிறகு, நன்றாகச் சுடும் துப்பாக்கி நடுத்தர வசதி உள்ளவருக்கும் கிடைத்தது.

இன்னொரு ரகசியம். பழைய துப்பாக்கியில் கடைப் பெயர் அழகாகப் பொறித்திருக்கும். அந்தக் கடைதான் அதைச் செய்தது என்று அர்த்தம் இல்லை. பர்மிங்ஹாம் பட்டறைகள் மொத்தமாகச் செய்து, வாங்கும் கடையின் பெயரைப் பொறித்துக் கொடுப்பது சர்வ சாதாரணம். நம்ம மெட்ராஸிலும் இது நடந்தது. மவுண்ட் ரோட்டில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கிறதே பி. ஆர் அண்ட் சன்ஸ், அந்தக் கடை பெயரில் துப்பாக்கிகள் உண்டு. ஓக்ஸ் அண்ட் கோ பெயரிலும் உண்டு. 'மெட்ராஸ்' என்று பொறித்த இங்கிலாந்துச் சரக்கு.

சரி, அதெல்லாம் பழங்கதை. இன்றைக்கு ஷாட்கன்னை உண்மையாக அளக்கும் இடம் எது? ஒலிம்பிக்கில் ட்ராப் என்ற போட்டி. தரையடியிலிருந்து களிமண் தட்டு பாய்ந்து போகும், அதைச் சுடணும். இதில் புதுக்கோட்டைக்கு நேரடியாக ஒரு பேர் இருக்கு: பிரித்விராஜ் தொண்டைமான். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 2023-இல் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து, இவர், மூவரும் சேர்ந்து 361 புள்ளியோடு அணித் தங்கம் வாங்கினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டார்.

அந்தப் போட்டி வரிசையில் நிற்பவர்கள் கையில் பெரும்பாலும் என்ன இருக்கும்? இத்தாலியின் பெராஸி, பெரெட்டா. ஜெர்மனியின் கிரீகாஃப். குழல் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். அதுவும் மலிவு கிடையாது, பல லட்சம். ஆனாலும் லண்டன் துப்பாக்கியோடு பார்த்தால் சின்ன விலை. ஒரு தட்டு தப்பினால் பதக்கம் போகிற இடத்தில், கோடி ரூபாய்த் துப்பாக்கியை யாரும் தேடிப் போவதில்லை. சுடும் கருவி என்ற அளவில் கேட்டால், என் தீர்ப்பு அங்கேயே முடிஞ்சுடுது. ஒரு கட்டத்துக்கு மேல கொடுக்கிற காசு குறியில போய்ச் சேரல.

அப்போ இவ்வளவு உறுதியா ஏன் செஞ்சாங்க?

அதுக்கும் காரணம் இருக்கு. இந்தத் துப்பாக்கி பிறந்த உலகத்தில், பணக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். ஆட்கள் புதரைத் தட்டிப் பறவையைக் கிளப்பி அவர்கள் தலைக்கு மேல் ஓட்டுவார்கள். ஒருவருக்கு ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி, பின்னால் தோட்டா போட்டுக் கொடுக்க ஒரு ஆள். சுட்டு, மாற்றி, சுட்டு, மாற்றி. 1913 டிசம்பர் 18-இல் ஹால் பார்ன் என்ற பண்ணையில் ஒரே நாளில் ஏறக்குறைய 4,000 ஃபெசன்ட் பறவைகள் விழுந்தன. அதில் ஆயிரத்துக்கு மேல் சுட்டவர் அரசர் ஐந்தாம் ஜார்ஜ். ஒரு சீசனில் ஆயிரக்கணக்கில் வெடித்தும் ஆடாத, சிக்காத துப்பாக்கி வேணும் என்பது அவர்களுக்கு நிஜமான தேவை.

இந்தியாவிலும் இதே வெறி வந்தது. ராஜஸ்தானின் பரத்பூர் ஏரியில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அது தேசியப் பூங்கா, கல்வெட்டு அங்கேயே நிற்குது.

லண்டன் துப்பாக்கிக் கடைகளுக்கு இந்திய ராஜாக்கள் சாதாரண வாடிக்கையாளர்கள் கிடையாது. ஜோடி ஜோடியாக, தங்கம் பதித்து, புலி யானை செதுக்கி வாங்கினவர்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்கும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸுக்கும் கிடைத்த பேரில் ஒரு பங்கு இங்கிருந்து போன பணம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சமஸ்தானத்தின் நிலவரியிலிருந்து. ஏரி பாசனத்தை நம்பி, மழை பொய்த்தால் கருகிப் போகும் வயலிலிருந்து. 'இங்கிலீஷ் துப்பாக்கியின் புகழ்' என்று சொல்லும்போது, அந்தப் புகழுக்குக் காசு கட்டினவங்களையும் சேர்த்துச் சொல்லணும்னு நினைக்கிறேன்.

அனுமதி

மூணாவது விஷயம்தான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். இதைச் சொல்ல முதல்ல ஒரு வரைபடத்தை மனசுல போட்டுக்கங்க.

இன்றைக்குக் கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டம். ஆனா அந்த மாவட்டம் உருவானதே 1974-இல். அதற்கு முன்னால் புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். அதற்குக் கடற்கரையே கிடையாது. கோட்டைப்பட்டினம் தஞ்சாவூர்ப் பக்கம், அதாவது நேரடி பிரிட்டிஷ் ஆட்சி. இன்றைக்கு ஒரே மாவட்டமாக இருக்கும் இரண்டு ஊர்கள் அன்றைக்கு இரண்டு ஆட்சிக்குள் இருந்தன.

இந்த இரண்டு பக்கமும் ஆயுதத்துக்குப் பஞ்சமில்லாத நிலம்தான். வளரி உங்களுக்குத் தெரியும். பிறை வடிவில், ஒரு முனை கனமாக, எறிந்தால் சுழன்று போகும். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தன் நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். புதுக்கோட்டை ராஜாவின் ஆயுதச்சாலையில் வளரி எப்போதும் இருப்பு இருக்கும் என்ற தகவலும் அதில் உண்டு. இன்னொரு தகவல்தான் என்னைப் பிடிச்சு நிறுத்தினது: தஞ்சாவூர் ஆயுதச்சாலையிலிருந்து மெட்ராஸ் அருங்காட்சியகத்துக்கு வந்த வளரிகளில் ஒன்று மரம், இரண்டு தந்தம்.

யோசிச்சுப் பாருங்க. தந்த வளரி மர வளரியைவிட நல்லாப் பறக்குமா? முயலுக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியாது. ஆனா அரண்மனையில் தந்தம்தான் இருந்தது. கருவியை அந்தஸ்தாக மாற்றுவதில் நாம லண்டன்காரனுக்குக் குறைஞ்சவங்க இல்லை. அதனால, "வெள்ளைக்காரன் பேரை வித்தான், நாம ஏமாந்தோம்" என்று மட்டும் இந்தக் கதையைச் சொன்னா அது பாதி உண்மை.

வித்தியாசம் எங்கே என்றால், தஞ்சாவூரில் தந்த வளரி வைத்திருந்தவர் இருந்தபோது மர வளரி வைத்திருந்தவரும் இருந்தார். அதை மாற்றியது சட்டம். 1801-இல் மருது சகோதரர்களின் போர் முடிந்து, அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்ட பிறகு, அந்த டிசம்பரில் மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் நாட்டில் ஆயுதங்களை ஒப்படைக்கணும். கம்பெனி பக்கம் நின்ற தொண்டைமானின் சமஸ்தானம் தப்பியது. தஞ்சாவூர் ராஜ்யம் 1855-இல் வாரிசு இல்லை என்று முடிக்கப்பட்டது. அதன் ஆயுதங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின.

பிறகு 1878-இன் ஆயுதச் சட்டம், வைஸ்ராய் லிட்டன் காலம். இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேணும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் வேண்டாம். சமஸ்தான மன்னர்களுக்கும் குறிப்பிட்ட சில பெரிய மனிதர்களுக்கும் விலக்கு. 1920 வாக்கில் விதிகளை மாற்றும் வரை இந்த நிறப் பாகுபாடு எழுத்திலேயே இருந்தது.

அதைக் கோட்டைப்பட்டினத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சேற்றுக் கடற்கரைக்கும் பக்கத்து ஏரிகளுக்கும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். அங்கே வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் துப்பாக்கியோடு இறங்கினால் அது பொழுதுபோக்கு. அதே கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மரைக்காயரோ மீனவரோ கையில் துப்பாக்கி இருந்தால் முதல் கேள்வி, லைசென்ஸ் எங்கே? உள்நாட்டில் சமஸ்தானத்துக்குள் ராஜாவின் வேட்டைக்கென ஒதுக்கின காடு. ஓரத்தில் நிலம் வைத்திருந்த குடியானவன் பாடு, பன்றியும் மானும் பயிருக்குள் வந்தால் தப்பட்டை அடித்து விரட்டுவது.

இது நான் இன்னைக்குக் கண்டுபிடிச்ச குறை கிடையாது. 1887-இல் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு நம்ம மெட்ராஸில் நடந்தது, தலைவர் பத்ருதீன் தயாப்ஜி. ஆயுதச் சட்டம் மக்களுக்குக் கொடுக்கும் கஷ்டத்தைச் சொல்லி அதைத் திருத்தக் கேட்டு அங்கே தீர்மானம் போட்டார்கள்.

இப்போ திரும்பிப் பார்த்தா, இங்கிலீஷ் துப்பாக்கிக்கு இங்கே இருந்த மரியாதையின் வேர் தெரியும். அது நல்ல வேலை என்பதால் மட்டும் அந்த மரியாதை வரல. அதை யார் தூக்கிக்கிட்டு நடக்க முடியும் என்பதைச் சர்க்கார் முடிவு செய்ததால் வந்தது. அரண்மனைச் சுவரில் மாட்டின இரட்டைக்குழல், 'எனக்குக் கேள்வி கிடையாது' என்று சொன்னது. அதைத்தான் விலை கொடுத்து வாங்கினார்கள்.

இதே நிலத்தில் இன்னொரு துப்பாக்கியும் இருந்தது. கரிமருந்தை வாய் வழியா இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. ஊர்ப் பட்டறையில் செய்தது. அதை வைத்து நரிக்குறவர்கள் கொக்கும் காடையும் அடித்துக் குடும்பம் நடத்தினார்கள். ஒரு குழல், ஒரு வெடி, தப்பினால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. 4,273 பறவை என்று கல் நட்டவர்களோடு ஒப்பிட்டால், தேவைக்குச் சுட்டவர்கள் இவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா அந்தச் சட்டத்துக்குப் பிறகு ராஜாவுக்குப் போனது ஒரு பொழுதுபோக்கு, நரிக்குறவருக்குப் போனது பிழைப்பு. ராஜா வீட்டுத் துப்பாக்கி 'கலெக்ஷன்' ஆச்சு. நாட்டுத் துப்பாக்கி இன்றைக்கும் செய்தித்தாளில் 'பறிமுதல்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில்தான் வரும்.

இன்னைக்கு நிலவரம்

லண்டன் கம்பெனிகள் இப்போது யார் கையில்? பர்டி 1994-இலிருந்து கார்ட்டியேவின் உரிமையாளரான ரிஷ்மோன் குழுமத்திடம். ஹாலண்ட் அண்ட் ஹாலண்டை 1989-இல் ஷனேல் வாங்கியது, வாசனைத் திரவியமும் ஹேண்ட்பேகும் விற்கும் அதே ஷனேல். 2021-இல் அது இத்தாலியின் பெரெட்டாவுக்குக் கைமாறியது. முப்பது வருஷமா இந்தத் துப்பாக்கி எந்த அலமாரியில் வைக்கப்படுது என்பதை இதுவே சொல்லிடும். கைக்கடிகாரம், வைரம், துப்பாக்கி.

ஏலத்திலும் அதே கதைதான். 2023-இல் லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்த வாள் நன்றாக வெட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. வாங்கினது கதையை.

நம்ம நாட்டில் நிலைமை இன்னும் விசித்திரம். 1980-களின் நடுவிலிருந்து சாதாரண ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழி கிட்டத்தட்ட அடைபட்டது. அதனால ஏற்கனவே உள்ளே இருந்த பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளுக்குக் கிராக்கி. பர்மிங்ஹாமில் மொத்தமாகச் செய்த நடுத்தரச் சரக்குக்குக்கூட இங்கே 'இங்கிலீஷ் மேக்' என்ற பேருக்குத் தனி விலை. வேலைக்காக இல்ல, தட்டுப்பாட்டுக்காக.

இன்னொரு பக்கம், 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். போட்டியில் சுடும் வீரர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் மிச்சத்தை ஒப்படைக்கணும், இல்லைன்னா லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கணும். தேர்தல் அறிவிச்சா இருக்கிறதையும் கொண்டுபோய் ஸ்டேஷன்ல வைக்கணும். தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்து, அவர் காலமாகி, பேரனுக்கு லைசென்ஸ் கிடைக்கலைன்னா, அந்தத் துப்பாக்கி எவ்வளவு நல்ல வேலையா இருந்தாலும் வீட்டில் வைக்க முடியாது. லைசென்ஸ் இருந்தா சொத்து, இல்லைன்னா கேஸ். விலையின் மூன்றாவது பங்கு அனுமதி என்று நான் சொன்னது இன்றைக்கும் மாறல.

என் பதில்

கோட்டைப்பட்டினம் நண்பருக்கு இப்போ நேராப் பதில் சொல்றேன்.

பறவையையோ களிமண் தட்டையோ அடிக்கிற கருவியாக மட்டும் பார்த்தால், அந்த விலை நியாயம் இல்லை. அதில் பத்தில் ஒரு பங்குக்கு அதே வேலையைச் செய்கிற துப்பாக்கி இருக்கு. ஒலிம்பிக்கே அதுக்குச் சாட்சி.

கைவேலையாகப் பார்த்தால், நியாயம் இருக்கு. புகைக்கரி பார்த்து ராவுகிற அந்தக் கை ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்ப வராது. நல்ல காஞ்சிபுரம் பட்டுக்கும், நல்ல வீணைக்கும் என்ன வாதம் சொல்வோமோ அதேதான். ஒரு சின்ன வருத்தம் மட்டும்: அங்கே அந்தக் கைக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது, பேரைப் பொறித்து வைத்தார்கள். நம்ம ஆயுதச்சாலைகளில் தந்தம் இழைத்தவர், குழல் உருக்கியவர் பேர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. அவங்க தொழிலை மூடினது தரம் குறைஞ்சதால இல்லை, வாங்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததால.

புகழாகப் பார்த்தால், அந்தப் புகழ் முழுசா அவங்களோடது இல்லை. மான்டனின் மூளை அதில் இருக்கு, பர்மிங்ஹாம் தொழிலாளியின் வேர்வை இருக்கு, நம்ம ஊர் நிலவரி இருக்கு, நம்ம கையிலிருந்து பிடுங்கின உரிமையும் இருக்கு. அடுத்த தடவை மியூசியத்திலோ ஏதாவது அரண்மனையிலோ அழகான இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்தீங்கன்னா, சித்திர வேலையை நல்லா ரசிங்க, அது ரசிக்க வேண்டியதுதான். அதோட, அது சுவரில் தொங்கின வருஷத்தில் வெளியில் இருந்தவர் கையில் என்ன இருக்கச் சட்டம் விட்டது என்றும் ஒரு கேள்வி கேளுங்க.

சென்னையில் இருக்கிறவங்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனா, ஆயுதப் பகுதியை அவசரமாத் தாண்டிப் போயிடாதீங்க. புதுக்கோட்டைப் பக்கம் போறவங்க திருக்கோகர்ணத்தில் இருக்கிற அருங்காட்சியகத்தையும் பார்த்துட்டு வாங்க. வேற கேள்விகள் இருந்தா வழக்கம் போல எழுதுங்க, குரல் பதிவா அனுப்பினாலும் சரி. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.